கண்ணாடியில் செல் கால் ஊன்றுவதைப் படம்பிடிக்கும்போது இருபதாவது நிமிடத்தில் சுருங்கிவிடுகிறது: தவறு எங்கே?

கேள்வி: ஆய்வு மாணவி, தரமணி

அனைவருக்கும் வணக்கம். மிதந்துகொண்டிருக்கும் ஒரு செல் (உயிரணு) கண்ணாடியைத் தொடும் கணத்திலிருந்து, அது கால் ஊன்றிப் பரவி முடிக்கும் வரையுள்ள ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தை உயிரோடு படம்பிடிப்பதுதான் என் ஆய்வின் முதல் பகுதி. சுண்டெலியின் ஃபைப்ரோபிளாஸ்ட் எனப்படும் இணைப்புத்திசு செல்களில், ஒட்டும் புள்ளிகளில் வந்து சேரும் பாக்ஸிலின் புரதத்தோடு பச்சை ஒளிர் புரதத்தை இணைத்திருக்கிறோம். முழு அக எதிரொளிப்பு முறையில், 488 நானோமீட்டர் லேசரைக் கொண்டு, கண்ணாடியை ஒட்டிய மெல்லிய அடுக்கை மட்டும் ஒளிரச் செய்து பார்க்கிறேன்.

தொடக்கம் அழகாகவே இருக்கிறது. செல்லின் விளிம்பில் ஊசிமுனை அளவிலான பச்சைப் புள்ளிகள் தோன்றுகின்றன. பெரும்பாலானவை ஒரு நிமிடத்துக்குள் மறைந்துவிடுகின்றன. சில மட்டும் நின்று, உள்நோக்கி நீண்டு, கீற்றாக மாறுகின்றன. இந்தப் பிரிவு எந்தக் கணத்தில் நிகழ்கிறது என்பதைத்தான் நான் பார்க்க விரும்புகிறேன். ஆனால் இருபது நிமிடத்துக்குள் விளிம்பு பின்வாங்கத் தொடங்கி, அரை மணிக்குள் செல் உருண்டுவிடுகிறது. இது போதாதென்று, பத்துப் பன்னிரண்டு நிமிடங்களுக்கு ஒரு முறை குவியமும் நழுவிவிடுகிறது.

செல்கள் சீக்கிரம் அமரட்டும் என்று கண்ணாடியில் பாலிலைசின் என்ற ஒட்டுப் பொருளைப் பூசியிருக்கிறேன். செல்கள் இருக்கும் திரவ ஊடகம், இன்குபேட்டரில் பயன்படுத்தும் அதே சிவப்பு ஊடகம்தான். மேடையில் கார்பன் டை ஆக்சைடு வசதி இல்லாததால் அமில காரச் சமநிலையைக் காக்கும் ஹெபிஸ் மட்டும் கூடுதலாகச் சேர்க்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் மூத்தவர்கள், இந்த வேலைக்கு சாதாரண லென்ஸின் எல்லையைவிட நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும் அதிநுண் பிரிதிறன் கொண்ட கருவி வேண்டும் என்றும், அதற்கு வெளியூர் சென்று நேரம் வாங்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். பயணத்துக்கு ஏற்பாடு செய்யும் முன்பு, நான் இங்கேயே சரிசெய்யக்கூடிய தவறுகள் எவை என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில் 1: நுண்ணோக்கி அறைப் பொறுப்பாளர், கிண்டி

தங்கைக்கு வணக்கம். பதினாறு ஆண்டுகளாக ஒரு பொது நுண்ணோக்கி அறையைக் கவனித்து வருகிறேன். நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் தோன்றியது, உங்கள் செல்கள் ஒளியால் நோகின்றன என்பதுதான். அதை ஊகமாக விட்டுவிடாமல் ஒரே நாளில் உறுதிசெய்துகொள்ளலாம். அடுத்த முறை படம்பிடித்து முடித்ததும், அதே டிஷ்ஷில் லேசர் ஒரு முறைகூடப் படாத வேறொரு மூலைக்கு மேடையை நகர்த்தி, சாதாரண வெளிச்சத்தில் ஒரு பார்வை பாருங்கள். அங்கே செல்கள் நன்றாகப் பரவியிருந்தால் குற்றவாளி ஒளி; அங்கேயும் உருண்டிருந்தால் வெப்பம், ஊடகம், பூச்சு ஆகிய மூன்றில் ஒன்று. இந்த ஒரு சோதனையைச் செய்யாமலேயே மாதக்கணக்கில் லென்ஸையும் செல்லையும் மாற்றிக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒளிதான் என்று தெரிந்தால், முதலில் மாற்ற வேண்டியது ஊடகத்தை. வழக்கமான ஊடகத்தில் ரைபோஃபிளேவின் என்ற வைட்டமின் இருக்கிறது. நீல ஒளி பட்டால் அது ஹெபிஸோடு சேர்ந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். அதாவது, செல்லுக்கு நல்லது என்று நீங்கள் சேர்த்த ஹெபிஸே லேசர் வெளிச்சத்தில் நஞ்சு உண்டாக வழி செய்கிறது. சிவப்பு நிறம் தரும் ஃபீனால் ரெட் பின்னணி ஒளிர்வைக் கூட்டுவதால், நீங்கள் லேசரை இன்னும் ஏற்றி வைக்க நேர்கிறது. அதனால் கேடு இரட்டிப்பாகிறது. ரைபோஃபிளேவினும் ஃபீனால் ரெட்டும் இல்லாத, படம்பிடிப்பதற்கென்றே விற்கப்படும் ஊடகத்தைப் பயன்படுத்துங்கள்; கார்பன் டை ஆக்சைடுக்கு மேடையின் மேல் வைக்கும் சிறு பெட்டி ஒன்றை எப்பாடுபட்டாவது ஏற்பாடு செய்யுங்கள்.

அடுத்தது, எத்தனை முறை படம் எடுக்கிறீர்கள் என்பது. நீங்கள் பார்க்கும் சிறு புள்ளிகள் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் வாழ்பவை. நீண்ட கீற்றுகள் பல பத்து நிமிடங்கள் நிற்பவை. பத்து வினாடிக்கு ஒரு படம் எடுத்தால் ஒரு புள்ளியின் பிறப்பு முதல் மறைவு வரை ஆறு முதல் ஒன்பது படங்கள் கிடைத்துவிடும். உங்கள் கேள்விக்கு அது போதும். வினாடிக்கு ஒன்று என்று எடுத்தால் பார்ப்பதற்குச் சுகமாக இருக்கும், ஆனால் செல்லின் மேல் பத்து மடங்கு ஒளி கொட்டும். இரண்டு படங்களுக்கு இடையில் ஷட்டர் உண்மையாகவே மூடுகிறதா என்பதையும் கண்ணால் பாருங்கள். மென்பொருளில் மூடியதாகக் காட்டிக்கொண்டு, மேடையின் மேல் நீல வெளிச்சம் விடாமல் எரிந்துகொண்டிருந்த கருவி ஒன்று எங்கள் அறையிலேயே இருந்தது.

குவியம் நழுவுவது வேறு நோய். பத்துப் பன்னிரண்டு நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அறையின் ஏசி கம்ப்ரஸர் எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை நின்று ஓடுகிறது என்று கடிகாரம் வைத்துக் குறித்துப் பாருங்கள். அநேகமாக இரண்டும் பொருந்தும். ஒரு டிஷ்யூ தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து மேடையின் பக்கத்தில் தொங்கவிடுங்கள். அது அசைந்தால் குளிர்காற்று நேராக உங்கள் லென்ஸின் மேல் அடிக்கிறது என்று பொருள். எண்ணெய் வைத்துப் பார்க்கும் ஆப்ஜெக்டிவ் ஓர் உலோகக் கட்டி. அது எண்ணெய் வழியாக உங்கள் டிஷ்ஷின் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேடையை 37 டிகிரியில் வைத்துவிட்டு ஆப்ஜெக்டிவைச் சூடாக்காமல் விட்டால், நீங்கள் பார்க்கும் அந்த ஒரு செல்லின் அடியில் மட்டும் குளிர்ந்திருக்கும். ஆப்ஜெக்டிவுக்குச் சூடேற்றும் பட்டை கட்டுங்கள். கருவியை இரண்டு மணி நேரம் முன்னதாகவே ஓடவிடுங்கள். ஏசியின் காற்றுத் தடுப்பைச் சுவரை நோக்கித் திருப்புங்கள். கண்ணாடியின் பரப்பில் அகச்சிவப்பு ஒளியைப் பட்டுத் திரும்பச் செய்து குவியத்தைப் பிடித்து வைக்கும் வசதி உங்கள் கருவியில் இருந்தால் அதையும் இயக்குங்கள், ஆனால் மற்றவற்றைச் சரிசெய்த பிறகு.

நம் ஊருக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். இங்கே காற்றில் ஈரம் அதிகம். அறையைக் கடுங்குளிராக வைத்துக் கதவைத் திறந்து திறந்து மூடினால், குளிர்ந்த லென்ஸின் மேல் ஈரம் படிகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் மோசம். அந்த ஈரத்தில் பூஞ்சை வேர்விட்டால் விலையுயர்ந்த லென்ஸ் நிரந்தரமாகக் கெட்டுவிடும். இரவில் ஏசியை நிறுத்திவிட்டுப் போகிறவர்கள், ஈரம் உறிஞ்சும் கருவியையாவது ஓடவிட்டுச் செல்ல வேண்டும்.

கடைசியாகப் பாலிலைசின். இது எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றுகிறது. பாலிலைசின் நேர்மின் சுமை கொண்டது. செல்லின் மேற்பரப்பு எதிர்மின் சுமை கொண்டது. அதனால் செல் ஈக்கள் பிசின் தாளில் ஒட்டுவதைப் போல ஒட்டிக்கொள்கிறது; தன் மேற்பரப்பில் உள்ள இன்டெக்ரின் என்ற பற்றும் புரதங்களைக் கொண்டு பற்றுவதில்லை. நீங்கள் பார்க்க விரும்புவது பற்றுதலை. கண்ணாடியில் இன்டெக்ரின்கள் பற்றிக்கொள்ளும் ஃபைப்ரோனெக்டின் என்ற புரதத்தைப் பூசி, மீதி இடத்தைச் செல் பற்றாத ஆல்புமினால் நிரப்பி, சீரம் (இரத்தத் தெளிநீர்) இல்லாத ஊடகத்தில் செல்களை விடுங்கள். சீரத்தில் ஃபைப்ரோனெக்டினும் அதைப் போன்ற விட்ரோனெக்டினும் ஏற்கெனவே இருப்பதால், எதன் மேல் செல் கால் வைத்தது என்று பிறகு சொல்ல முடியாமல் போகும். வளர்ப்புத் தட்டிலிருந்து டிரிப்ஸின் என்ற நொதியைப் போட்டுப் பிரித்தெடுத்த செல்களை உடனே விடாமல் சற்று ஆறவிடுங்கள், ஏனெனில் டிரிப்ஸின் மேற்பரப்பில் உள்ள புரதங்களையும் நறுக்கியிருக்கும். கால்சியம், மக்னீசியம் அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. மிச்சம் இருந்தாலும் கெடுதல். இன்டெக்ரினுக்கு மக்னீசியம் இல்லாமல் பிடிமானம் வராது.

பதில் 2: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், மயிலாப்பூர்

மேலே உள்ள பதில் ஒவ்வொரு வரியும் அனுபவத்தில் எழுதியது; அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பச்சைப் புள்ளி உங்களுக்குச் சொல்வது பாக்ஸிலின் எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே. செல்லின் அடிச்சவ்வு கண்ணாடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்லக்கூடிய முறை ஒன்று உண்டு. அதற்கு எந்த ஒளிர் புரதமும் வேண்டாம், புதிய கருவியும் வேண்டாம்.

மழை விட்ட பிறகு பேருந்து நிறுத்தத்தில் தேங்கிய நீரின் மேல் டீசல் சொட்டு வண்ணம் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். படலத்தின் மேற்பரப்பிலிருந்து திரும்பும் ஒளியும் அடிப்பரப்பிலிருந்து திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் அந்த வண்ணம் வருகிறது. செல்லுக்கும் கண்ணாடிக்கும் இடையில் உள்ள நீர்ப்படலமும் அப்படிப்பட்டதுதான். 1964இல் ஆடம் கர்டிஸ் என்ற உயிரியலாளர் கோழிக் கருவின் இதயத்திலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட்களை இந்த எதிரொளிப்புக் குறுக்கீட்டு முறையில்தான் பார்த்தார். பிறகு 1970களில் ஏபர்கிராம்பி, டன், இஸார்ட், லோக்னர் ஆகியோர் இதைக் கொண்டே ஒட்டும் புள்ளிகளை விரிவாக ஆராய்ந்தார்கள்.

கணக்கு எளியது, ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.518, நீருக்கு 1.33, செல்லுக்கு ஏறத்தாழ 1.37. வெறும் கண்ணாடியும் நீரும் சந்திக்கும் இடத்தில் விழும் ஒளியில் 0.44 விழுக்காடு திரும்பி வருகிறது. செல் கண்ணாடியோடு முற்றிலும் படிந்த இடத்தில் 0.26 விழுக்காடுதான் திரும்பும். ஆகவே அந்த இடம் பின்னணியைவிடக் கருமையாகத் தெரியும். இடைவெளி கால் அலைநீளம் ஆகும்போது, அதாவது 488 நானோமீட்டர் ஒளிக்கு நீரில் ஏறத்தாழ 92 நானோமீட்டர் ஆகும்போது, இரண்டு ஒளிகளும் கூடி 0.65 விழுக்காடாகி, அந்த இடம் பின்னணியைவிட வெளுப்பாகும். இறுகப் பற்றிய இடங்களில் இடைவெளி 10 முதல் 15 நானோமீட்டர், அவை கருங்கீற்றுகள். சற்றே நெருங்கிய இடங்களில் ஏறத்தாழ 30 நானோமீட்டர். அவை சாம்பல் நிறப் பரப்புகள். நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத ஒளியை வைத்துக்கொண்டு, எந்த லென்ஸும் பக்கவாட்டில் பிரித்துக் காட்ட முடியாத நுட்பத்தில் உயரத்தை அளக்கிறோம். இதை முதன்முறை கணக்கிட்டுப் பார்த்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

உங்கள் கருவியில் விளக்கு வெளிச்சத்துக்கான பாதை இருந்தால், பாதி எதிரொளிக்கும் கண்ணாடியும் குறுகிய அலைநீள வடிகட்டியும் பொருத்திய ஒரு பெட்டியைச் செருகினால் போதும். மங்கிய ஒளியே போதுமானது என்பதால் செல்லுக்கு ஏறக்குறைய வலியே இல்லை.

முழு அக எதிரொளிப்பைப் பற்றியும் ஒரு சொல். அது தொடங்கும் மாறுநிலைக் கோணம் கண்ணாடிக்கும் நீருக்கும் 61 டிகிரிக்குச் சற்று மேல். 64 டிகிரியில் ஒளி நுழையும் ஆழம் ஏறத்தாழ 128 நானோமீட்டர். 68 டிகிரியில் 84. கோணத்தைக் குறித்து வைக்காமல் இரண்டு நாள் படங்களை ஒப்பிட்டால், புள்ளி பிரகாசமானதா, ஒளி ஆழமாக இறங்கியதா என்று பிரித்தறிய முடியாது.

பதில் 3: உள்வைப்புப் பொருள் ஆய்வாளர், பெருங்குடி

அதிநுண் பிரிதிறன் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவினால் சாதாரண லென்ஸ் ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் கீழ் பிரித்துக் காட்டாது என்று எர்ன்ஸ்ட் ஆபே 1873இல் எழுதினார். அந்த எல்லையைக் கடந்ததற்காகத்தான் எரிக் பெட்ஸிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் மூவருக்கும் 2014இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒட்டும் புள்ளிக்குள் இன்டெக்ரின் கீழேயும் செல்லின் உள்சட்டகமான ஆக்டின் இழைகள் மேலேயும் இருக்க, இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 40 நானோமீட்டர் தடிப்பில் டாலின், வின்குலின் முதலிய இணைப்புப் புரதங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன என்பதை 2010இல் கஞ்சனவோங்கும் அவருடைய குழுவினரும் காட்டியது இந்த வகை நுட்பத்தால்தான். ஆனால் அவர்கள் பார்த்தது, வேதிப்பொருளால் உறையவைத்த செல்களை.

உயிரோடு பார்த்த முயற்சியும் உண்டு. 2008இல் பெட்ஸிக்கும் அவருடைய கூட்டாளிகளும், ஒட்டும் புள்ளிகளின் அசைவை ஏறத்தாழ 60 நானோமீட்டர் பிரிதிறனில், ஒரு படத்துக்குக் குறைந்தது 25 வினாடி வீதம், 25 நிமிடம் வரை எடுத்தார்கள். அதற்கும் ஒளியைத் தாங்கக்கூடிய செல் வகைகளைப் பயன்படுத்தினார்கள். நீங்கள் கேட்பதோ ஒன்றரை மணி நேரம். இந்தக் கேள்வியோடு வெளியூர் போனால், இங்கே இருபது நிமிடத்தில் சுருங்கும் செல் அங்கே ஐந்து நிமிடத்தில் சுருங்கும். புள்ளி எப்போது பிறந்து எப்போது நிலைக்கிறது என்று முதலில் இங்கே தெளிவாக்கிக்கொண்டு, அந்தக் கணத்தில் செல்லை உறையவைத்து எடுத்துப் போவதே என் கருத்தில் சரி. நீண்ட நேரம் நுட்பமாகப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், வரிவரியான ஒளியைப் பாய்ச்சி ஏறத்தாழ 100 நானோமீட்டர் வரை பிரிக்கும் முறை செல்லுக்கு இதைவிட மென்மையானது.

என் வேலையில் டைட்டானியத்தின் மேல் எலும்புச் செல்கள் ஒட்டுவதைப் பார்க்கிறேன். உலோகம் ஒளியை விடாது என்பதால், கண்ணாடியின் மேல் சில நானோமீட்டர் தடிப்பில் டைட்டானியத்தைப் படியவைத்து அடியிலிருந்து பார்க்கிறோம். மற்றபடி உங்களுக்கு உள்ள தொல்லைகள் அனைத்தும் எனக்கும் உண்டு.

கேள்வி கேட்டவர்: ஆய்வு மாணவி, தரமணி

அக்காவுக்கும் ஐயாவுக்கும் பெருங்குடி நண்பருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

லேசர் படாத மூலையில் செல்கள் நாற்பதாவது நிமிடத்தில் முழுமையாகப் பரவியிருந்தன, ஆகவே ஒளிதான். ஊடகத்தை மாற்றி, பத்து வினாடிக்கு ஒரு படம் என்று குறைத்ததும், ஒரே செல்லை எழுபது நிமிடம் பார்க்க முடிந்தது. டிஷ்யூ தாள் நன்றாகவே ஆடியது. ஏசியின் காற்றைச் சுவரின் பக்கம் திருப்பியதிலிருந்து குவியம் நழுவுவது பெருமளவு நின்றுவிட்டது. பகலில் தெருவில் சுரங்கப் பாதை தோண்டும் வேலை நடக்கும்போது மட்டும் படம் நடுங்குகிறது, ஆகவே இரவு எட்டு மணிக்கு மேல் வேலை செய்கிறேன்.

பாதி எதிரொளிக்கும் கண்ணாடியைப் பக்கத்து ஆய்வகத்தில் இரவல் வாங்கினேன். பாலிலைசின் பூசிய கண்ணாடியில் செல்லின் அடி முழுவதும் ஒரே சீராகக் கருத்துக் கிடந்தது. ஆனால் அந்தக் கருமைக்குள் பச்சைக் கீற்று ஒன்றுகூட இல்லை. ஃபைப்ரோனெக்டின் பூசிய கண்ணாடியில் முதலில் விளிம்பை ஒட்டிச் சாம்பல் நிறம் பரவியது. பிறகு அதற்குள் பச்சைப் புள்ளிகள் தோன்றின. அவற்றில் நிலைத்த புள்ளிகளின் கீழ் மட்டும் சாம்பல் மெல்ல மெல்லக் கருங்கீற்றாக மாறியது. மறைந்த புள்ளிகளின் கீழ் சாம்பல் சாம்பலாகவே இருந்தது. இதுவரை நான்கு செல்களில்தான் பார்த்திருக்கிறேன். எண்ணிக்கை போதாது என்று தெரியும். ஆனாலும் நான் தேடிக்கொண்டிருந்த பிரிவு இதுவாக இருக்கலாம் என்று தோன்றுகிறது.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். விளிம்பின் மிக மெல்லிய பகுதியில், கறுப்பும் வெளுப்புமாகக் கோடுகள் அலை அலையாக உள்நோக்கி நகர்கின்றன. செல் அங்கே கண்ணாடியை விட்டு எழுந்து எழுந்து அமர்கிறது என்று கொள்ளலாமா?

பதில் 4: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், மயிலாப்பூர்

அவசரப்பட வேண்டாம், அம்மா. விளிம்பு ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான தடிப்பு உள்ளதாக இருந்தால், செல்லின் மேற்சவ்விலிருந்து திரும்பும் ஒளியும் வந்து கலந்துவிடும். அப்போது நீங்கள் பார்ப்பது அடியில் உள்ள இடைவெளியை அல்ல, செல்லின் தடிப்பு மாறுவதை. விளிம்பு சுருங்கி மடிந்து உள்நோக்கி அலைபோல் நகர்வது இத்தகைய செல்களின் இயல்பு.

பிரித்தறிய இரண்டு வழிகள் உண்டு. ஒளி நுழையும் துளையை முழுவதும் திறந்து வையுங்கள். சாய்வான கதிர்கள் சேரச் சேர மேற்சவ்வின் கோடுகள் மங்கும், அடிச்சவ்வின் கருமை மங்காது. அது போதவில்லை என்றால், அதே செல்லை 488இலும் 561இலும் அடுத்தடுத்து எடுங்கள். இடைவெளி உண்மையிலேயே சுழியத்தை நெருங்கிய இடம் இரண்டு நிறத்திலும் கருப்பாகவே இருக்கும். மற்ற கோடுகள் அலைநீளத்துக்கு ஏற்ப இடம் மாறும். நீலத்தில் 183 நானோமீட்டரில் வரும் இரண்டாவது கருங்கோடு, 561இல் 211க்குத் தள்ளிப்போகும். உங்கள் நான்கு செல்களின் கருங்கீற்றுகளையும் முதலில் இந்தச் சோதனையில் நிறுத்திப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: ஆய்வு மாணவி, தரமணி

நன்றி ஐயா. 561 லேசருக்கான வடிகட்டி எங்களிடமே இருக்கிறது. புதன்கிழமை இரவு கருவி கிடைக்கும். அதே நான்கு செல்கள் இனி கிடைக்காது என்பதால், அதே பூச்சில் புதிய செல்களை விட்டு, இரண்டு நிறத்திலும் எடுத்துப் படங்களை இங்கேயே இடுகிறேன்.